மேலே போய் யார் ரிப்பேர் செய்வது?

(நமது சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தரப்படுகிறது.)



முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் விஞ்ஞானி இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். லெட்ஜரும் டே புக்கும்தான் எனக்குத் தெரிந்த உலகம். ஓய்வுக்குப் பிறகு விண்வெளிச் செய்திகளைப் படிக்கிற பழக்கம் வந்தது. அதைக் கேள்விப்பட்டு நம் செயலாளர், "சார், இந்த ஞாயிறு அரை மணி நேரம் நீங்க பேசுங்க" என்று பிடித்துப் போட்டுவிட்டார். நான் எங்காவது தவறினால், இங்கே உட்கார்ந்திருக்கும் பொறியாளர்கள் காபி நேரத்தில் திருத்தலாம்.

2024 புத்தாண்டு காலை உங்களுக்கு நினைவிருக்கும். நம்மில் பாதிப் பேர் மொட்டை மாடியில் நின்றோம். காலை 9.10-க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-58 கிளம்பியது. வடக்குப் பக்கம் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்ததாகச் சிலர் சொன்னார்கள். எனக்குக் கண்ணாடியைத் துடைப்பதற்குள் போய்விட்டது. பக்கத்தில் நின்றவரின் கைப்பேசியில்தான் பார்த்தேன். அந்த ராக்கெட் கொண்டுபோனது எக்ஸ்போசாட் என்ற செயற்கைக்கோள். விண்வெளியிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களை ஆராய்கிற தொலைநோக்கி. அதன் ஆயுள் ஐந்து ஆண்டு என்று செய்தியில் சொன்னார்கள்.

அப்போது பி பிளாக் மூன்றாம் மாடிப் பையன் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "தாத்தா, அது மேலே ரிப்பேர் ஆச்சுன்னா யார் போய் சரி பண்ணுவாங்க?" என்று கேட்டான்.

"யாரும் போக மாட்டாங்கப்பா."

"அப்போ தூக்கிப் போட்டுடுவாங்களா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "அப்புறம் சொல்றேன்" என்று சமாளித்துவிட்டேன். அந்த "அப்புறம்"தான் இன்றைய பேச்சு. பையன் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான், தப்பிக்க வழியில்லை.

ஏன் அங்கே வைக்க வேண்டும்?

நம் தமிழ்நாட்டிலேயே ஒரு பெரிய தொலைநோக்கி இருக்கிறது. வாணியம்பாடிக்குப் பக்கத்தில், ஜவ்வாது மலையில் காவலூர். அங்கே உள்ள வைணு பாப்பு தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர் அகலம். அமெரிக்கா 1990-ல் அனுப்பிய ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் கண்ணாடி 2.4 மீட்டர். அளவில் இரண்டும் கிட்டத்தட்ட அண்ணன் தம்பிதான்.

ஆனால் காவலூரில் ஒரு மோட்டார் பழுதானால், டெக்னீஷியன் டூல் பாக்ஸை எடுத்துக்கொண்டு படி ஏறிப் போவார். கண்ணாடி மங்கினால் கழற்றி அலுமினியப் பூச்சைப் புதிதாகப் போடலாம். ஹப்பிளுக்கு அப்படி முடியாது. அது தரையிலிருந்து சுமார் ஐந்நூறு கிலோமீட்டர் உயரத்தில், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அப்படியிருந்தும் ஏன் மேலே அனுப்புகிறார்கள் என்றால், காற்று மண்டலம் பல கதிர்களைக் கீழே விடுவதில்லை. எக்ஸ் கதிர் தரைக்கு வருவதே இல்லை; புற ஊதாக் கதிரிலும் பெரும்பகுதி வராது. நாம் உயிரோடு இருப்பதற்கு அது நல்லது. கருந்துளையைப் பார்க்க விரும்புகிறவருக்குத்தான் சங்கடம். கதவு இந்தப் பக்கம் திறக்காததால், அந்தப் பக்கம் போய் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு ரூபாய் சொத்து

நம் நாட்டின் கதையை முதலில் பார்ப்போம். 2015 செப்டம்பர் 28 அன்று பி.எஸ்.எல்.வி. சி-30 ராக்கெட், ஆஸ்ட்ரோசாட் என்ற இந்தியாவின் முதல் விண்வெளித் தொலைநோக்கியைக் கொண்டுபோனது. எடை ஒன்றரை டன். உயரம் 650 கிலோமீட்டர். அதில் ஐந்து கருவிகள். திட்டமிட்ட ஆயுள் ஐந்து ஆண்டு. செலவு சுமார் 178 கோடி ரூபாய் என்று அப்போது செய்திகளில் வந்தது.

இதை நான் என் வழியில் கணக்குப் போட்டேன். 178 கோடிக்கு ஐந்து ஆண்டு ஆயுள் என்றால், தேய்மானம் ஆண்டுக்கு 35 கோடியே 60 லட்சம். 2020 செப்டம்பரில் புத்தக மதிப்பு பூஜ்யம். வங்கியில் இப்படி முழுத் தேய்மானம் கழிந்த மேஜை, பீரோ, கூட்டல் இயந்திரங்களை ஒரு ரூபாய் மதிப்பில் கணக்கில் வைத்திருப்போம். பொருள் இன்னும் இருக்கிறது என்பதற்கு அந்த ஒரு ரூபாய் அடையாளம். என் கிளையில் அப்படி ஒரு இரும்பு பீரோ இருந்தது. அதன் வயது என் சர்வீஸைவிட அதிகம். நான் ஓய்வு பெற்ற நாளிலும் அது பூட்டித் திறந்தது.

ஆஸ்ட்ரோசாட்டும் அந்த ஒரு ரூபாய் சொத்து மாதிரிதான். ஐந்து ஆண்டு முடிந்தும் வேலையை நிறுத்தவில்லை. 2025 செப்டம்பரில் பத்து ஆண்டைத் தாண்டியது.

அதற்குப் பழுது வரவில்லை என்று நினைக்க வேண்டாம். அதில் எக்ஸ் கதிர் எண்ணும் கருவிகள் மூன்று ஒரே மாதிரி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் செனான் வாயு அடைத்த பெட்டி. ஒன்றில் வாயு கசிந்தது. 2018-ல் அதை நிறுத்திவிட்டார்கள். இன்னொன்றின் அளவீடு நிலையாக நிற்கவில்லை. மூன்றாவதுதான் நம்பகமாக உழைத்தது. அதே 2018-ல் புற ஊதாத் தொலைநோக்கியில் ஒரு பிரிவும் செயலிழந்தது. அதன் பக்கத்தில் இருந்த இன்னொரு பிரிவு தொடர்ந்து வேலை செய்தது.

2020-ல் அந்தப் புற ஊதாத் தொலைநோக்கியால்தான் நமக்குப் பெருமை வந்தது. 930 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள ஒரு விண்மீன் மண்டலத்திலிருந்து வந்த கடும் புற ஊதாக் கதிரை அது பிடித்திருந்தது. புனேயில் உள்ள ஐயூகா நிறுவனத்தின் தலைமையில் நடந்த ஆய்வு. பக்கத்துப் பிரிவு செயலிழந்ததால் இந்தக் கண்ணைக் குப்பையில் போட்டுவிடவில்லை.

இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். "ஐந்து ஆண்டு ஆயுள்" என்பது மாத்திரை அட்டையில் அச்சடித்த காலாவதித் தேதி அல்ல. ஐந்து ஆண்டு வரை முழு வேலையும் செய்யும் என்று பொறியாளர்கள் கொடுக்கிற உறுதி. அந்த உறுதியைக் காப்பாற்ற, ஒவ்வொரு பாகத்தையும் அதைவிட அதிகம் தாங்கும்படி செய்கிறார்கள். முக்கியமானவற்றை இரண்டிரண்டாக வைக்கிறார்கள்.

பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்ட்ரோசாட் பூமியை ஒரு நாளில் பதினான்கு பதினைந்து தடவை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பூமியின் நிழலுக்குள் போய் வருகிறது. நிழலில் பேட்டரி, வெயிலில் சார்ஜ். ஆண்டுக்கு ஐயாயிரம் தடவைக்கு மேல். பத்து ஆண்டில் ஐம்பதாயிரம் தடவையைத் தாண்டும். நம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி, ராஜகீழ்ப்பாக்கத்தின் மின்வெட்டுக்கே நான்கைந்து வருடத்தில் கை விரித்துவிடுகிறது.

பம்பரமும் சக்கரமும்

மேலே என்னென்ன கெட்டுப்போகும்? கண்ணாடி உடைவதோ விண்கல் மோதுவதோ அபூர்வம். பெரும்பாலும் தொல்லை தருவது, நம் சம்ப் மோட்டார் போலச் சுழல்கிற பாகங்கள்தான்.

அவற்றில் இரண்டு முக்கியம். ஒன்று ஜைரோ. சின்ன வயதில் நாம் விட்ட பம்பரம்தான். வேகமாகச் சுற்றும் பம்பரம் தன் அச்சைச் சாயவிடாது. அதை வைத்து, தொலைநோக்கி எந்தப் பக்கம் எவ்வளவு திரும்புகிறது என்று கண்டுபிடிக்கிறார்கள். ஹப்பிளின் ஜைரோவுக்குள் இருக்கும் சக்கரம் நிமிடத்துக்கு 19,200 முறை சுற்றும். அதற்கு மின்சாரம் போகும் கம்பி தலைமுடியளவு மெல்லியது. கெட்டியான ஒரு திரவத்துக்குள் இருக்கிறது. காலப்போக்கில் அந்தக் கம்பி அரித்து அறுந்துபோகிறது.

இன்னொன்று, தொலைநோக்கியைத் திருப்புகிற சக்கரம். சக்கரம் ஒரு பக்கம் சுற்றினால் தொலைநோக்கி மறு பக்கம் திரும்பும். 2009-ல் போன கெப்ளர் தொலைநோக்கியில் இப்படி நான்கு சக்கரங்கள். குறி பிசகாமல் பார்க்க மூன்று வேண்டும். 2012-ல் ஒன்று போனது, 2013-ல் இரண்டாவதும் போனது. கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் பொறியாளர்கள், சூரிய ஒளி விழும்போது ஏற்படுகிற மிக மெல்லிய அழுத்தத்தையே மூன்றாவது சக்கரமாக வைத்துக்கொண்டார்கள். வெயில் இரண்டு பக்கமும் சமமாகப் படும்படி அதை நிறுத்தினால், அது ஆடாமல் நின்றது. மூன்றரை ஆண்டுக்கு அனுப்பிய கெப்ளர் ஒன்பதரை ஆண்டு உழைத்தது. 2018 அக்டோபரில் எரிபொருள் தீர்ந்த பிறகுதான் ஓய்வு பெற்றது. அதற்குள் 2,600-க்கும் மேற்பட்ட வேற்றுக் கோள்கள் அதன் கணக்கில் ஏறிவிட்டன.

டேலி ஆகாத கணக்கு

ஹப்பிளின் கதையை வங்கிக்காரன் சொல்லாமல் இருக்க முடியாது.

1990 ஏப்ரல் 24-ல் போன ஹப்பிள், முதல் படங்களை அனுப்பியபோது எல்லாம் மங்கல். காரணம் கண்ணாடி. அதன் ஓரம் இரண்டு மைக்ரான் அளவு கூடுதலாகத் தட்டையாக இருந்தது. தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்கு! கண்ணாடியை வழவழப்பாகத் தேய்த்ததில் குறையே இல்லை. அளக்கும் கருவியில் ஒரு லென்ஸை 1.3 மில்லிமீட்டர் தள்ளி வைத்துவிட்டார்கள். தப்பான அளவுகோலை வைத்து மிகச் சரியாகத் தேய்த்திருக்கிறார்கள்.

எனக்கு அதைவிட அதிர்ச்சி, விசாரணையில் வெளிவந்த இன்னொரு விஷயம். கண்ணாடி கீழே இருந்தபோதே, வேறு இரண்டு சாதாரண கருவிகளை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். இரண்டும் வித்தியாசம் காட்டின. "இவை துல்லியம் குறைந்த கருவிகள், பெரிய கருவி சொல்வதுதான் சரி" என்று ஒதுக்கிவிட்டார்கள்.

எங்கள் வேலையில் சாயங்காலம் கணக்கு டேலி ஆகவில்லை என்றால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. வித்தியாசம் பத்து பைசாவாக இருந்தாலும் தேட வேண்டும். அந்தப் பத்து பைசாவுக்குப் பின்னால் ஒரு லட்சம் வரவும் ஒரு லட்சம் பற்றும் தவறாக உட்கார்ந்திருக்கலாம். மூன்று புத்தகத்தில் இரண்டு ஒரு தொகையைச் சொல்லி, மூன்றாவது வேறு தொகையைச் சொன்னால், மூன்றாவது எவ்வளவு அழகாக பைண்ட் செய்த புத்தகமாக இருந்தாலும் நாங்கள் நம்ப மாட்டோம்.

நல்லவேளை, விண்வெளி வீரர்கள் வந்து பழுது பார்க்கும்படியாக வடிவமைத்த ஒரே பெரிய தொலைநோக்கி ஹப்பிள்தான். 1993 டிசம்பரில் வீரர்கள் விண்ணோடத்தில் போய், பிழையைத் திருத்தும் சிறு கண்ணாடிகளைப் பொருத்தினார்கள். நமக்குக் கண் டாக்டர் கண்ணாடி போட்டுவிடுகிற மாதிரி. அதன் பிறகு 1997, 1999, 2002, 2009 என்று மொத்தம் ஐந்து தடவை ஆட்கள் போய்ச் சரிசெய்திருக்கிறார்கள்.

ஆகவே தம்பி, உன் கேள்விக்கு முதல் பதில்: ஹப்பிளுக்கு ஆட்கள் போனார்கள். ஆனால் அது லேசான காரியமாக இருக்கவில்லை. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் பூமிக்குத் திரும்பும்போது சிதறியது. நம் கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள். அந்தப் பயணம் வேறு வேலைக்காகப் போனது. ஆனால் அதற்குப் பின், ஒரு தொலைநோக்கியைச் சரிசெய்ய ஏழு உயிரைப் பணயம் வைக்கலாமா என்று கேள்வி எழுந்தது. ஹப்பிளின் கடைசிப் பழுதுபார்ப்பை ரத்தே செய்துவிட்டார்கள். பல எதிர்ப்புகளுக்குப் பிறகு, 2009-ல் இன்னொரு விண்ணோடத்தை மீட்புக்குத் தயாராக நிறுத்தி வைத்துக்கொண்டுதான் அனுப்பினார்கள்.

இப்போது விண்ணோடங்கள் ஓய்வு பெற்றுவிட்டன. 2009-ல் புதிதாக வைத்த ஆறு ஜைரோக்களில் பெரும்பாலானவை போய்விட்டன. 2024 ஜூனிலிருந்து ஹப்பிள் ஒரே ஒரு ஜைரோவை வைத்துக்கொண்டு ஓடுகிறது. இன்னொன்றைக் கையிருப்பாக அணைத்து வைத்திருக்கிறார்கள். திரும்புவதற்கு முன்பைவிட அதிக நேரமாகிறது. கைத்தடியோடு நடக்கிற மாதிரி. ஆனால் பார்வை அப்படியே இருக்கிறது.

2021 ஜூனில் அதன் கணினி நின்றுபோனது. ஒரு மாதத்துக்கு மேல் மௌனம். உள்ளே இருப்பதெல்லாம் 1980-களின் சாமான். அந்தச் சர்க்யூட்டை இன்றைய இளைஞர்களில் யார் பார்த்திருக்கிறார்கள்? அந்தக் காலத்தில் அதைக் கட்டியவர்களில் ஓய்வு பெற்றுவிட்ட சிலர் திரும்பி வந்து, பழைய காகிதங்களைப் புரட்டி உதவினார்கள். மாற்று வன்பொருளுக்குத் திருப்பியதும் ஹப்பிள் விழித்துக்கொண்டது. இங்கே முன்னும் பின்னும் உட்கார்ந்திருக்கும் என் வயதுக்காரர்களுக்காக இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்கிறேன்.

நம் ஊர்ப் பெயர்

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் கடற்கரை எதிரே உள்ள மாநிலக் கல்லூரியிலும் படித்த ஒருவர், 1930-ல் கப்பலேறி இங்கிலாந்து போனார். நட்சத்திரங்களின் முடிவைப் பற்றிக் கணக்குப் போட்டார். 1983-ல் நோபல் பரிசு பெற்றார். அவர்தான் சுப்பிரமணியன் சந்திரசேகர். அவர் பெயரில் 1999 ஜூலை 23 அன்று நாசா அனுப்பிய எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி "சந்திரா".

கிளம்பும்போதே கண்டம். விண்ணோடம் எழும்பிய ஐந்தாவது விநாடியில் மின்கசிவு. இரண்டு எஞ்சின்களின் கட்டுப்பாட்டுக் கணினிகளில் ஒவ்வொன்று செத்துவிட்டது. ஒவ்வொரு எஞ்சினுக்கும் மாற்றுக் கணினி இருந்ததால் பிழைத்தார்கள். மேலே போய்ச் சில வாரங்களில் அடுத்த கண்டம். பூமியைச் சுற்றியுள்ள கதிர்வீச்சு வளையத்தைக் கடக்கும்போது, புரோட்டான்கள் கண்ணாடி வழியாகவே உள்ளே வந்து, படம் எடுக்கும் பத்துச் சில்லுகளில் எட்டைக் காயப்படுத்திவிட்டன. போன பார்வை திரும்பவில்லை. ஆனால் காரணம் தெரிந்ததும், அந்த வளையத்தைக் கடக்கும்போதெல்லாம் கேமராவை நகர்த்தி ஒளித்துவைக்க ஆரம்பித்தார்கள். வெயிலில் போகும்போது முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்கிற மாதிரி. இன்றுவரை அப்படித்தான்.

இப்போது அதன் மேல் போர்த்திய காப்புறை நிறம் மாறி, உடம்பு சூடாகிறது. ஒரே பக்கம் அதிக நேரம் பார்க்க முடியாது. சில பாகங்கள் சூடேறிவிடும். அதனால் எந்த நட்சத்திரத்தை எவ்வளவு நேரம் பார்க்கலாம், அதன் பிறகு எந்தப் பக்கம் திரும்பி ஆற வேண்டும் என்று கீழே உட்கார்ந்து அட்டவணை போடுகிறார்கள். சந்திரா நிலவுத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை போய் வருகிறது. அங்கே ஆள் அனுப்ப வழியே இல்லை. ஐந்து ஆண்டுக்கு அனுப்பியது கால் நூற்றாண்டைத் தாண்டிவிட்டது.

இதற்கு வந்த பெரிய ஆபத்து பணத்தால் வந்தது. 2024 மார்ச்சில், ஆண்டுக்கு 6.8 கோடி டாலராக இருந்த அதன் பராமரிப்புச் செலவை 4.1 கோடியாகக் குறைக்க பட்ஜெட்டில் யோசனை வந்தது. அப்படிக் குறைத்தால் படிப்படியாக மூடுவதாகத்தான் ஆகும் என்று விஞ்ஞானிகள் போராடினார்கள். வாங்கும்போது கை தாராளமாக இருக்கும். வருடா வருடம் மெயின்டனன்ஸ் கட்டும்போதுதான் கை இழுக்கும். இது வாஷிங்டனுக்கு மட்டும் உள்ள குணமா என்பதை நம் பொருளாளர் சொல்லட்டும்.

பிழைக்காதவையும் உண்டு

எல்லாம் நல்லபடியாக முடிந்த கதை மட்டும் சொன்னால் கணக்கு சரியாகாது. ஜப்பான் 2016 பிப்ரவரியில் ஹிட்டோமி என்ற எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியை அனுப்பியது. மார்ச் 26 அன்று, தான் சுற்றாதபோதே சுற்றுவதாக அது நினைத்துக்கொண்டது. அதைத் தடுக்கப் போய் உண்மையிலேயே சுற்ற ஆரம்பித்தது. கீழேயிருந்து ஏற்றியிருந்த ஒரு தவறான எண்ணால், காப்பாற்ற வேண்டிய எரிவிசையும் தவறாக இயங்கி, சுழற்சி இன்னும் கூடி, உடைந்து போனது. மேலே போய் ஆறு வாரம்கூட ஆகவில்லை. ஜப்பானியர் 2023-ல் மாற்றாக இன்னொன்றை அனுப்பினார்கள். அதில் ஒரு கருவியின் மூடி திறக்கவில்லை. மூடி வழியாக ஊடுருவி வரும் கதிர்களை வைத்தே வேலை பார்க்கிறார்கள்.

நம் லிஃப்டுக்கு வருகிறேன்

ஏன் இவ்வளவும் சொன்னேன் என்று சிலருக்குச் சந்தேகம் வந்திருக்கும். போன பொதுக்குழுவில் லிஃப்டைப் பற்றி இரண்டு கட்சியாகப் பிரிந்தோம். "ஓடிக்கொண்டிருக்கிற லிஃப்டை ஏன் மாற்ற வேண்டும், ரிப்பேர் செய்தால் போதும்" என்ற கட்சியில் முதலில் கை தூக்கியவன் நான். ஒரு ரூபாய் சொத்தின் பெருமையை அன்றும் பேசினேன்.

இந்த உரைக்காகப் படித்தபோது ஒரு கதை என்னை நிறுத்தியது. காம்ப்டன் என்று ஒரு காமா கதிர்த் தொலைநோக்கி. 1991-ல் போனது. எடை 17 டன். 1999 டிசம்பரில் அதன் ஜைரோ ஒன்று போனது. ஆய்வுக் கருவிகள் வேலை செய்துகொண்டுதான் இருந்தன. மீதி ஜைரோக்களும் ஓடின. ஓட்டியிருக்கலாம், விஞ்ஞானிகள் பலர் அப்படித்தான் கேட்டார்கள். ஆனால் இன்னொரு ஜைரோவும் போய்விட்டால், இவ்வளவு பெரிய பொருளைச் சரியான இடத்தில் இறக்கும் கட்டுப்பாடு கையை விட்டுப் போகலாம். ஊர் மேல் விழுந்து மனிதர்களுக்கு ஆபத்து வரலாம். ஆகவே 2000 ஜூன் 4 அன்று, வேலை செய்துகொண்டிருந்த தொலைநோக்கியை வேண்டுமென்றே பசிபிக் கடலில் இறக்கினார்கள்.

ஹப்பிள் ஒரு ஜைரோவில் ஓடலாம், கெப்ளர் வெயிலில் சாய்ந்துகொண்டு ஓடலாம், சந்திரா முந்தானை போர்த்திக்கொண்டு ஓடலாம். அவற்றுக்குள் ஆள் இல்லை. கெட்டுப்போனால் நட்டம் படத்துக்குத்தான். காம்ப்டன் விஷயத்தில் கீழே ஆட்கள் இருந்தார்கள். அதனால் கணக்கு மாறியது. நம் லிஃப்டுக்குள் நாம் ஏறுகிறோம். மூன்றாம் மாடிப் பாட்டி ஏறுகிறார். இந்தப் பையன் தனியாக ஏறுகிறான். மூன்று மாதமாகக் கதவு சில சமயம் மூடாமல் திரும்புகிறது, தளத்துக்கு ஓரங்குலம் கீழே நிற்கிறது. "பரவாயில்லை, பழைய லிஃப்ட்" என்று நானே சொல்லியிருக்கிறேன். இரண்டு சாதாரண கருவிகள் வித்தியாசம் காட்டியபோது ஹப்பிள்காரர்கள் சொன்னதும் அதுதானே.

ஆகவே என் ஓட்டை மாற்றிக்கொள்கிறேன். அடுத்த பொதுக்குழுவில் லிஃப்டை மாற்ற வேண்டும் என்ற பக்கம் என் கை இருக்கும். எனக்கும் பென்ஷன்தான் வருமானம். சிறப்பு வசூல் எனக்கும் வலிக்கும். ஆனாலும் சொல்கிறேன். சம்ப் மோட்டாரையும் ஜெனரேட்டரையும் ஓடும்வரை ஓட்டுவோம்; அதில் எனக்கு மறுப்பில்லை. மாற்று மோட்டார் ஒன்று கையிருப்பில் இருந்தால் போதும். லிஃப்ட் மாறும்வரை, அது எப்போது எந்த மாடியில் என்ன செய்தது என்று வாட்ச்மேன் அறையில் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுவோம். அந்த நோட்டுக்குக் கோடு போட்டுத் தரும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். அது எனக்கு வரும்.

தம்பி, உன் இரண்டாவது கேள்விக்குப் பதில்: தூக்கிப் போட மாட்டார்கள். கீழே உட்கார்ந்திருப்பவர்கள், மேலே மிச்சம் இருப்பதை வைத்து என்ன செய்யலாம் என்று தினமும் யோசிப்பார்கள். யாருக்காவது ஆபத்து வரும் என்று தெரிந்தால் மட்டும், நல்லபடியாக இறக்கிவிடுவார்கள்.

கடைசியாக ஒன்று. ஹப்பிள் நம் சென்னை வானத்தைக் கடந்து போகிறது. சில நாட்களில், மாலை இருட்டிய சற்று நேரத்தில், வெறும் கண்ணுக்கே தெரியும். சிமிட்டாத ஒரு வெளிச்சப் புள்ளி, நட்சத்திரம் நடந்துபோகிற மாதிரி, சில நிமிடங்களில் வானத்தைக் கடந்துவிடும். அடுத்து நன்றாகத் தெரியும் நாளையும் நேரத்தையும் பார்த்து நோட்டீஸ் போர்டில் எழுதுகிறேன். மொட்டை மாடிச் சாவி என்னிடம் இருக்கும். இந்தத் தடவை கண்ணாடியை முன்கூட்டியே துடைத்து வைத்துக்கொள்கிறேன். நீங்களும் வாருங்கள்.

காபி ஆறிவிடப் போகிறது.